குறட்டையும் மூச்சுத்தடையும் – ஆத்திலேயே ஒரு பரிசோதனை

(மும்பை செம்பூரில் நடந்த மூத்த அங்கத்தினர்கள் கூட்டத்தில் பேசியதன் சாரம்)



நான் டாக்டர் அல்ல. விஞ்ஞானப் பட்டதாரி, சர்க்கார் உத்தியோகத்தில் இருந்து ஓய்வு பெற்றவன். சமீபத்தில் என் டாக்டர் சொன்னதன் பேரில் 'ஸ்லீப் அப்னியா' பரிசோதனையை ஆத்திலேயே செய்துகொண்டேன். படித்தும் கேட்டும் தெரிந்துகொண்டதை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

தூங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்கின்றன. சிலருக்கு அந்தத் தளர்ச்சியில் மூச்சுப் பாதையே அடைபட்டுவிடுகிறது. பத்து வினாடியோ அதற்கு மேலோ மூச்சு நின்றால் அதற்கு அப்னியா என்று பெயர். ரத்தத்தில் பிராணவாயு குறைகிறது. மூளை அவரைத் தட்டி எழுப்புகிறது. பெரிய சத்தத்தோடு மூச்சு திரும்புகிறது. இது ராத்திரி முழுவதும் நடக்கும். காலையில் அவருக்கு ஒன்றும் ஞாபகம் இராது. ரத்த அழுத்தம், இருதய நோய், பக்கவாதம் ஆகியவற்றோடு இதற்குச் சம்பந்தம் உண்டு. ராத்திரி அடிக்கடி ஒன்றுக்குப் போக எழுந்திருப்பதற்கும் இது காரணமாக இருக்கலாம். நாமோ ப்ராஸ்டேட் மேல் பழியைப் போட்டுவிட்டுச் சும்மா இருந்துவிடுகிறோம்.

நம் ஊரில் நடந்ததையே சொல்கிறேன். இசையமைப்பாளர் பப்பி லஹிரி 2022 பிப்ரவரி 15 இரவு ஜுஹு ஆஸ்பத்திரி ஒன்றில் காலமானார். வயது 69. ஸ்லீப் அப்னியாவே காரணம் என்று மருத்துவர்கள் தெரிவித்தார்கள்.

மாதுங்காவுக்குப் பக்கத்தில், மாஹிமில் இருக்கும் ஹிந்துஜா ஆஸ்பத்திரியில் நடந்த ஓர் ஆய்வு 2004ல் வெளியாயிற்று. ஹெல்த் செக்கப்புக்கு வந்த 35 முதல் 65 வயது வரையிலான ஆண்களில் 658 பேர் கேள்வித்தாளை நிரப்பிக் கொடுத்தார்கள். அவர்களில் 250 பேருக்கு அவரவர் வீட்டிலேயே ராத்திரிப் பரிசோதனை நடந்தது. தூக்கத்தில் மூச்சுக் கோளாறு 19.5 சதவீதம், அதாவது ஐந்தில் ஒருவருக்கு என்று கணக்கிட்டார்கள். பகல் தூக்கமும் சேர்ந்த உபாதை 7.5 சதவீதம். உடல் எடை, கழுத்துச் சுற்றளவு, சர்க்கரை வியாதி ஆகிய மூன்றும் முக்கியத் தொடர்புகளாகத் தெரிந்தன.

இனி பரிசோதனை. சாயங்காலம் ஆள் வந்து கருவியைப் பூட்டும் விதத்தைக் காட்டிக்கொடுத்தார். மூக்கில் மெல்லிய குழாய், மார்பில் பெல்ட், விரலில் ஆக்ஸிமீட்டர், அவ்வளவுதான். ஊசி இல்லை, வலி இல்லை. நம் கட்டிலில், நம் தலைகாணியில் படுக்கலாம். நகப்பூச்சு இருந்தால் மாமிகள் அழித்துவிட வேண்டும். கோவிட் சமயத்தில் வாங்கிய ஆக்ஸிமீட்டரே போதாதோ என்று ஒருவர் கேட்டார். போதாது. அதற்கு மூச்சுக்காற்றின் போக்குவரத்து தெரியாது.

முடிவு ஓர் எண்ணாக வரும். மணிக்கு எத்தனை தடவை மூச்சு நின்றது அல்லது குறைந்தது என்பதே அந்த எண். 5க்குக் கீழ் சரி. 5 முதல் 15க்குள் லேசானது. 15 முதல் 30க்குள் நடுத்தரம். 30ம் அதற்கு மேலும் கடுமை.

இதில் ஒரு கணக்கு உண்டு. வீட்டுக் கருவிகளில் பல மூளை அலைகளைப் பதிவு செய்வதில்லை. நாம் தூங்கினோமா, விழித்துப் படுத்திருந்தோமா என்று அவற்றுக்கு நிச்சயமாகத் தெரியாது. எட்டு மணி நேரப் பதிவில் 100 தடவை என்றால் 12.5, லேசானது. உண்மையில் ஐந்து மணிதான் தூங்கினோம் என்றால் 20, நடுத்தரம். ஆகவே தொந்தரவு இருந்தும் 'ஒன்றுமில்லை' என்று முடிவு வந்தால், ஆஸ்பத்திரியில் ஒரு ராத்திரி தங்கிச் செய்யும் முழுப் பரிசோதனையைக் கேளுங்கள். இருதயப் பலவீனம், நுரையீரல் வியாதி, பக்கவாதம் உள்ளவர்களுக்கு ஆரம்பத்திலேயே அதுதான் உசிதம்.

முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். ஒரே ஹாலில் ஏழெட்டுப் பேர் படுத்திருந்த காலத்தில் யாருக்கு மூச்சு முட்டினாலும் இன்னொருவருக்குக் கேட்கும். இன்று பிள்ளை நியூஜெர்ஸியில், பெண் பெங்களூரில். துணையை இழந்து தனியாக இருக்கும் மாமாவுக்கும் மாமிக்கும், "ராத்திரி உங்களுக்கு மூச்சு நின்றது" என்று சொல்ல யார் இருக்கிறார்கள்? மாதவிலக்கு நின்ற பிறகு ஸ்திரீகளுக்கும் இது அதிகமாகிறது. குறட்டை என்று சொல்ல வெட்கப்பட்டே மறைத்துவிடுகிறார்கள். காலையில் தலைவலி, நாக்கு வறட்சி, பேப்பர் படிக்கும்போதே கண் சொருகுதல் இருந்தால் டாக்டரிடம் தயங்காமல் சொல்லுங்கள். தனியாக இருப்பவர்களுக்கு அந்தக் கருவிதான் பக்கத்தில் படுத்திருக்கும் சாட்சி.

சிகிச்சை உண்டு. 1981ல் ஆஸ்திரேலிய டாக்டர் காலின் சல்லிவன் அறிமுகப்படுத்திய சிபாப் கருவி, முகமூடி வழியே காற்றழுத்தம் கொடுத்து மூச்சுப் பாதையைத் திறந்து வைக்கிறது. எடை குறைப்பதும் ஒருக்களித்துப் படுப்பதும் பலருக்கு உதவும். டாக்டரைக் கேளாமல் தூக்க மாத்திரை வேண்டாம். முழங்கால் ஆபரேஷனோ வேறெதுவோ, மயக்க மருந்து கொடுக்கும் டாக்டரிடம் அப்னியா இருப்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

வெளியூர்களில் இதைப் படிக்கும் அங்கத்தினர்கள் இன்றே ஊருக்கு போன் செய்து, "அப்பா, சாப்பிட்டாச்சா?" என்பதோடு "ராத்திரி நன்றாகத் தூங்கினாயா? பகலில் தூக்கம் வருகிறதா?" என்றும் கேளுங்கள்.