டரட் லேத்தும் ஐந்து வருடக் கடதாசியும்

(வாலிபர் பிரிவின் கல்வி வகுப்பில் ஆற்றிய உரை)



போன மாதக் கூட்டத்தில் நமது மூத்த தோழர் ஒருவர் எழுந்து பேசியது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். முப்பது வருடம் ஸ்டோரில் பிட்டர் வேலை பார்த்தவர். "இப்ப உள்ள பொடியன்களுக்கு ஒரு புஷ் கடைஞ்சு போடத் தெரியாது. நாங்க பழகின மாதிரி பழகணும். திட்டு வாங்கிப் பழகணும்" என்றார். முன்வரிசையில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். பின்வரிசையில் இருந்த தம்பிமார் சிரித்தார்கள். கைதட்டும் சிரிப்பும் அன்றோடு முடிந்துவிட்டது. எனக்கு மட்டும் அந்தப் பேச்சு மனதிலேயே நின்றது. அதைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

அவருடைய ஏக்கம் அவருக்கு மட்டும் உரியதல்ல. இங்கிலாந்தில் கொவென்ட்ரி, பர்மிங்ஹாம், ஸ்கொட்லாந்தில் கிளாஸ்கோ, அமெரிக்காவில் கிளீவ்லண்ட் என்று இயந்திரப் பட்டறைகள் நிறைந்திருந்த ஊர்களில் ஓய்வுபெற்ற தொழிலாளரிடம் கேட்டால் இதையேதான் சொல்வார்கள். அவர்களில் பலருக்கு ஒரு குறிப்பிட்ட இயந்திரத்தின் மேல் தனிப் பாசம். அதன் பெயர் டரட் லேத்.

சாதாரண லேத் உங்களுக்குத் தெரியும். இரும்பைப் பிடித்துச் சுழற்றும். கத்தி அதைச் செதுக்கும். முகத்தைச் சீவ ஒரு கத்தி, துளை போட இன்னொன்று, மரை வெட்ட வேறொன்று. ஒவ்வொரு முறையும் கழற்றி, மாட்டி, அளந்து பார்க்கவேண்டும். டரட் லேத்தில் அப்படியில்லை. ஒரு பக்கத்தில் ஆறு முகமுள்ள ஒரு தலை இருக்கும். ஆறு முகத்திலும் ஆறு கருவி. (ஆறுமுகம் என்றதும் சிரிக்கிறீர்கள். கதிர்காமத்துக்கு ஆடியில் போவோம், இப்போது கேளுங்கள்.) கைபிடிகள் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு சக்கரத்தை இழுத்தால் முதல் கருவி முன்னால் வந்து வெட்டும். பின்னால் எடுத்தால் தலை தானாகவே ஒரு முகம் திரும்பி அடுத்த கருவியைக் காட்டும். ஒவ்வொன்றும் எவ்வளவு தூரம் போகவேண்டும் என்பதற்கு முன்கூட்டியே தடுப்பு வைத்திருப்பார்கள். கை மறந்தாலும் அளவு மாறாது. ஆறு இழுப்பில் ஒரு பித்தளை நட் கீழே விழும். அடுத்ததும் அதே அளவில் விழும். ஆயிரமாவதும் அப்படித்தான்.

1845இல் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் ஸ்டீபன் பிட்ச் என்பவர் இராணுவத் துப்பாக்கி உறுப்புகளுக்குத் திருகாணி செய்வதற்காக இந்த முறையை உருவாக்கினார். பிறகு பல கம்பனிகள் இதைச் செய்து விற்றன. அவற்றில் பெயர்பெற்றது கிளீவ்லண்டின் வோர்னர் அன்ட் சுவேசி. அதன் இரண்டு முதலாளிகளும் ஒரே பட்டறையில் பயிலுநர்களாக இருந்தபோது சிநேகிதரானவர்கள். லேத் செய்த அதே கையால் அவர்கள் கலிபோர்னியாவின் லிக் வானாய்வு நிலையத்துப் பெரிய தொலைநோக்கியைத் தாங்கும் பொறியையும் செய்து கொடுத்தார்கள். 1888இல் அது வேலைக்கு வந்தது. பயிலுநராகத் தொடங்கியவன் எதுவரை போகலாம் என்பதற்கு இந்தக் கதையைத்தான் அங்கே சொல்வார்கள்.

பயிலுநர் முறை என்பது என்ன? இங்கிலாந்தில் பதினான்கு, பதினைந்து வயதில் பையன் பட்டறைக்குள் நுழைவான். தகப்பனும் முதலாளியும் ஒரு கடதாசியில் கையெழுத்துப் போடுவார்கள். ஐந்து வருடம் அல்லது ஏழு வருடம். இருபத்தொரு வயதில் முடியும். முதல் வருடம் கூட்டுவது, தேநீர் எடுத்து வருவது, கருவி கொண்டுவந்து கொடுப்பது. பிறகு ஒரு இரும்புத் துண்டைக் கொடுத்து அரத்தால் ராவி ஆறு பக்கமும் சதுரமாக்கு என்பார்கள். ராவி ராவிக் கை கொப்பளிக்கும். மூலைமட்டத்தை வைத்து வெளிச்சத்தில் பிடித்தால் ஒரு கீற்று வெளிச்சம் தெரியும். திரும்பவும் ராவு. அந்தத் துண்டு எந்த இயந்திரத்துக்கும் போகாது. பையனின் கண்ணையும் கையையும் செய்வதற்காக வீணாக்கப்படும் இரும்பு அது. ஆசிரியராக எனக்கு இந்த இடம் மிகவும் பிடிக்கும். விளைச்சலைக் கணக்குப் பார்க்காமல் ஒரு பிள்ளைக்கு ஒதுக்கப்பட்ட இரும்பும் நேரமும்.

அதன் பின் ஒவ்வொரு பிரிவாக மாற்றுவார்கள். கத்தி மழுங்கியதைச் சத்தத்தில் கண்டுபிடிக்கப் பழகுவான். சுருள் சுருளாக விழும் இரும்புச் சீவலின் நிறத்தைப் பார்த்து வேகம் கூடிவிட்டது என்பான். பால்போல் வெள்ளையாக ஊற்றும் குளிர்திரவத்தின் வாடை வீட்டுக்குப் போனாலும் சட்டையை விட்டுப் போகாது. அந்த வாடைக்காகவே ஏங்குகிற கிழவர்கள் உண்டு என்றால் நம்புங்கள்.

இதுவரை நான் சொன்னது நமது மூத்த தோழரின் கட்சி. இனி மற்றப் பக்கத்தைச் சொல்லவேண்டும். இல்லாவிட்டால் அது பாதிக் கதை.

எந்த டரட் லேத்துக்காக ஏங்குகிறார்களோ, அது வந்தபோது அதே தொழிலாளரின் தகப்பன்மார் அதைச் சந்தேகத்தோடுதான் பார்த்தார்கள். ஏன்? தடுப்பைச் சரிசெய்து, கருவிகளைப் பொருத்திக் கொடுக்க ஒரே ஒரு கைதேர்ந்தவன் போதும். பிறகு சக்கரத்தை இழுப்பதற்கு ஐந்து வருடம் பழகியவன் தேவையில்லை, சில கிழமை பழகியவன் போதும், சம்பளமும் குறைவு. பிரித்தானியாவில் 1897 ஜூலையில் தொடங்கி 1898 ஜனவரி வரை முதலாளிமார் சம்மேளனம் பொறியியல் தொழிலாளரை வெளியே தள்ளிக் கதவடைத்தது. எட்டு மணி நேர வேலைக் கோரிக்கையில் தொடங்கிய சண்டை; உள்ளே இருந்த கேள்வி, புதிய இயந்திரத்தில் யாரை நிறுத்துவது என்பதை யார் தீர்மானிப்பது என்பது. சங்கம் தோற்றது. அந்த உரிமை முதலாளியின் கைக்குப் போனது.

அந்தச் சங்கம் 1851இல் தொடங்கிய பலமான சங்கம். ஆனால் அதன் கதவு சின்னது. கடதாசி உள்ளவனுக்குத்தான் இடம். முதலாம் உலக யுத்தத்தில் ஆண்கள் போர்முனைக்குப் போனதும், டரட் லேத்தின் சின்ன வகையான கெப்ஸ்டன் லேத்துகளில் பெண்களை நிறுத்தினார்கள். குண்டு உறுப்புகளை ஆயிரக்கணக்கில் கடைந்து தள்ளினார்கள் அந்தப் பெண்கள். யுத்தம் முடிந்ததும் 1919இல் சட்டம் போட்டுப் பழைய வழக்கத்தைத் திருப்பிக் கொண்டுவந்தார்கள், பெண்கள் வீட்டுக்கு. அந்தச் சங்கத்தின் வழிவந்த பொறியியல் தொழிலாளர் சங்கம் பெண்களை அங்கத்தவராகச் சேர்த்தது எப்போது தெரியுமா? 1943 ஜனவரியில். இரண்டாவது யுத்தமும் வந்து நடுவில் நிற்கும்போது.

இதைக் கேட்டு மாதர் பிரிவுத் தோழியர் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வது இங்கிருந்து தெரிகிறது. நமது சங்கத்தின் சந்தா யாருடைய கொழுந்துக் கூடையிலிருந்து வருகிறது என்று எல்லோருக்கும் தெரியும். நமது ஸ்டோரிலும் பெண்கள் வேலை செய்கிறார்கள். பிட்டர் பட்டறையின் வாசற்படியை அவர்களில் எத்தனை பேர் தாண்டியிருக்கிறார்கள்?

இன்னொரு ஊர்க் கதையும் சொல்லவேண்டும். நமது ஸ்டோர்களில் நிற்கும் பழைய ட்ரையர்களின் தகட்டைத் துடைத்துப் பார்த்தால் சிலவற்றில் 'சிரோக்கோ, பெல்பாஸ்ட்' என்று இருக்கும். அயர்லாந்தின் வடக்கிலுள்ள பெல்பாஸ்டில் சாமுவேல் டேவிட்சன் என்பவர் செய்து அனுப்பிய இயந்திரங்கள். அந்த ஊரின் பட்டறைகளில் பயிலுநர் இடம் என்பது பெரும்பாலும் தகப்பனிடமிருந்து மகனுக்கு, மாமனிடமிருந்து மருமகனுக்குப் போனது. 1920 ஜூலையில் கப்பல் கட்டும் தளங்களிலிருந்தும் இயந்திரப் பட்டறைகளிலிருந்தும் கத்தோலிக்கத் தொழிலாளரை ஆயிரக்கணக்கில் அடித்து விரட்டினார்கள். விரட்டியவர்களும் தொழிலாளர்களே. நல்ல தொழில் பழகிய கை நல்ல மனிதனின் கையாகவும் இருக்கும் என்று நினைத்துவிடக் கூடாது.

இனி நம்மிடம் வருவோம். நமது ஸ்டோர்களின் பக்கத்துப் பட்டறையில் இருந்தது டரட் லேத் அல்ல. ஒரே பொருளை ஆயிரம் செய்யும் இடத்துக்குத்தான் அது. நம்மிடம் நாளைக்கு ரோலரின் கிராங்க் புஷ் தேயும், அடுத்த நாள் ட்ரையரின் விசிறித் தண்டு ஆடும். ஒவ்வொன்றாகச் செய்யவேண்டும். அதற்குப் பட்டையில் ஓடும் சாதாரண லேத்தான் சரி. 1854இல் கண்டியில் ஜோன் வோக்கர் கோப்பித் தோட்டங்களுக்காகத் தொடங்கிய பட்டறையிலிருந்து இந்தத் தீவின் தோட்ட இயந்திர வேலைக்கு ஒரு நீண்ட வரலாறு உண்டு. இரவு இரண்டு மணிக்கு ரோலர் நின்றால் வாடிய கொழுந்து முழுதும் கெட்டுப்போகும். அந்த நேரம் லயத்தில் போய்த் தட்டி எழுப்பப்பட்டது நமது ஆட்கள்.

அவர்களுக்குக் கடதாசி இருந்ததா? கூட்டம் முடிந்த பிறகு அந்த மூத்த தோழரிடமே கேட்டேன். ஒன்பது வருடம் அவர் ஹெல்பர். லேத்தில் நின்று புஷ் கடைவார்; செக்ரோலில் சாதாரணத் தொழிலாளியின் பேர்தான் விழும். வேலை முடிந்தால் பேர், நேரம் தவறினால் அரைப் பேர். "திட்டு வாங்கிப் பழகினேன்" என்று அவர் சொன்னது உண்மை. திட்டு மட்டும்தான் கிடைத்தது. இங்கிலாந்துப் பையனுக்கு முதல் வருடம் இவ்வளவு, ஐந்தாம் வருடம் இவ்வளவு என்று சம்பளம் ஏறும். இருபத்தொன்றில் அவன் எந்தப் பட்டறைக்குப் போனாலும் அவனை டேர்னர் என்று ஏற்றுக்கொள்வார்கள். நமது தோழர் தோட்ட எல்லையைத் தாண்டினால் வெறும் ஆள்.

வெளியே போய்ப் பழகவும் வழி இருக்கவில்லை. இரத்மலானை ரயில்வே பட்டறை, கொலொன்னாவை அரச தொழிற்சாலை எல்லாம் நாட்டின் பெரிய பயிற்சிக் கூடங்கள். 1948இல் குடியுரிமையைப் பறித்த பிறகு அந்த வாசல்கள் நமக்கு மூடிக்கிடந்தன. நாடற்றவனுக்கு அரச வேலை ஏது? 1988, 2003 சட்டங்களோடு அந்த வழக்கு முடிந்தது. அதற்குள் இரண்டு மூன்று தலைமுறையின் கை வேலை கடதாசியில்லாமல் போய்விட்டது.

கம்பியூட்டர் லேத் வந்த பிறகு இதெல்லாம் எதற்கு என்று தம்பிமார் கேட்பீர்கள். 1952இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் துளையிட்ட நாடாவால் ஓடும் வெட்டும் இயந்திரத்தைக் காட்டினார்கள். அதே காலத்தில் வேறொரு வழியும் இருந்தது: கைதேர்ந்த தொழிலாளி ஒரு தடவை செய்து காட்டுவான், அவன் கையசைவை இயந்திரம் பதிந்துவைத்துத் திரும்பச் செய்யும். அந்த வழியில் அறிவு தொழிலாளியிடம் இருக்கும். அது ஒதுக்கப்பட்டதற்கு நிர்வாகத்தின் விருப்பமும் ஒரு காரணம் என்று டேவிட் நோபிள் 1984இல் ஒரு புத்தகமே எழுதினார். எனக்கு அவர் வாதம் பெரும்பாலும் சரியாகப் படுகிறது. ஆனாலும் நாடா வந்தாலும் கம்பியூட்டர் வந்தாலும், இரும்பு எப்படி வெட்டுப்படும் என்று அறிந்தவனுக்கே அதில் நல்ல இடம். இன்று கொழும்புப் பட்டறைகளுக்குப் போகும் நமது பிள்ளைகள் பட்டன் அமுக்கும் வேலையோடு நிற்பதற்குக் காரணம் அவர்கள் சோம்பேறிகள் என்பதல்ல. யாரும் அவர்களுக்கு அந்தச் சதுர இரும்பைக் கொடுக்கவில்லை.

ஆகவே மூத்த தோழரின் ஏக்கத்தில் நான் பாதியை எடுத்துக்கொள்கிறேன். திட்டு வேண்டாம், வருடக்கணக்கில் தேநீர் எடுத்து வருவதும் வேண்டாம். 1937இல் கிளைட் ஆற்றங்கரைப் பயிலுநர் பையன்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். பழகும் பிள்ளைகளுக்காகவும் சங்கம் பேசலாம் என்று முதலாளிமார் ஒத்துக்கொண்டது அதற்குப் பிறகுதான். கடதாசி, காலம், ஏறும் சம்பளம், சங்கம்: அந்த நான்கும் வேண்டும்.

1971ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து நமது நாட்டிலும் தேசியப் பயிலுநர் முறை இருக்கிறது. இன்று அதை நடத்துவது 'நைட்டா'. ஏற்கெனவே வேலை தெரிந்தவர்களைப் பரீட்சித்து என்.வி.கியூ. சான்றிதழ் கொடுக்கும் வழியும் உண்டு. அதற்கு வகுப்பில் இரண்டு வருடம் உட்காரத் தேவையில்லை. செய்து காட்டவேண்டும், செய்ததற்குச் சாட்சி வேண்டும். நிர்வாகம் கடிதம் தரத் தயங்கும். தந்தால் நாளைக்குப் பிட்டர் சம்பளம் கேட்பான் என்று தெரியும். அந்தக் கடிதத்தை வாங்கித் தருவது தோட்டத் தலைவர்மாரின் வேலை. அடுத்த பேச்சுவார்த்தை நிரலில் இதைச் சேர்க்கும்படி மாவட்டக் காரியாலயத்துக்கு எழுதியிருக்கிறேன்.

இன்று இங்கே வந்திருப்பவர்கள் தங்கள் ஸ்டோரில் ஹெல்பராக இருப்பவர்களின் பேர், எத்தனை வருடம், என்ன இயந்திரம், செக்ரோலில் என்ன தரம் என்று ஒரு கொப்பியில் எழுதி அடுத்த வகுப்புக்குக் கொண்டுவாருங்கள். பெண்களின் பேரும் வரவேண்டும். பட்டறையில் பழக விரும்பும் தங்கைமார் தனிப் பக்கத்தில் எழுதுங்கள். மூத்த தோழர் அன்று தனது வேனியரையும் இரண்டு அரத்தையும் கொண்டுவருவதாக ஒத்துக்கொண்டிருக்கிறார். இரும்புத் துண்டை நான் கொண்டுவருகிறேன். பின்வரிசையில் சிரித்த தம்பிமார் அன்று முன்வரிசையில் உட்காரவேண்டும்.