பின்னே நின்றுவிட்ட ஆசனம்

மோட்டார்க் காரிலே கையால் நெம்பி நகர்த்தும் ஆசனம் இன்றும் உண்டு. ஆயினும் ஆளியை விரலால் அழுத்தியதும் தானே நகரும் மின்னாசனங்கள் நம் நாட்டு வீதிகளிலும் பெருகிவிட்டன. இவை நேற்றுத் தோன்றியவையும் அல்ல. 1957 ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவின் கடிலாக் நிறுவனம், ஓட்டுநருக்குப் பிடித்த ஆசன நிலையை நினைவில் வைத்திருக்கும் அமைப்பைத் தனது எல்டொராடோ புரோம் காரிலே பொருத்தியது. வசதி பெரிதுதான், அது நின்றுபோகும் நாளில் வரும் இடரும் பெரிது.

பருத்தித்துறையில் ஓர் ஆசிரியை. அவரிடம் இருப்பது ஜப்பானில் ஓடியபின் இங்கு இறக்குமதியான கார். வியாழக்கிழமைதோறும் நோயுற்ற தாயாரை யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்வது அவரது கடமை. ஆசிரியை குள்ளமானவர், கணவரோ நெடியவர். ஒரு செவ்வாய்க்கிழமை கணவர் ஆசனத்தைப் பின்னே தள்ளிக் காரைச் செலுத்தினார். புதன்கிழமை ஆசிரியை ஏறி முன்னே நகர்த்த முயன்றபோது ஆசனம் அசையவில்லை. தடுப்பு மிதியைக் கால் எட்டியது. ஆனால் முழுவதும் அழுத்த முடியவில்லை. முதுகுக்குப் பின்னே தலையணை வைத்துப் பார்த்தார். சடுதியாகத் தடுப்பை மிதிக்கும் வேளையிலே தலையணை நசுங்கும் அல்லது நழுவும். இருபது மைல் வீதியில் அதனை நம்பிச் செல்வது எங்ஙனம்?

அயலில் இருந்த வேலைத்தலத்தில் ஓர் இளைஞர் சோதித்தார். ஆளியை முன்பக்கம் அழுத்தியவாறு, மோட்டருக்குச் செல்லும் கம்பியில் வோல்ற்றுமானியின் ஒரு முனையையும், காரின் உலோக உடலில் மற்றைய முனையையும் வைத்தார். மானி 12 வோல்ற் காட்டியது. “அக்கா, மின்சாரம் வருகிறது, மோட்டர்தான் போய்விட்டது. புதிதாகப் போடவேண்டும்” என்றார். அதன் விலையைக் கேட்ட ஆசிரியை வாய் திறவாது வீடு திரும்பினார்.

அன்று மாலை, இளைப்பாறிய மின்தொழிலாளர் ஒருவர் வந்து பார்த்தார். ஆசனத்தின் உயரத்தை மாற்றும் ஆளியை முதலில் அழுத்தினார், அது இயங்கியது. எல்லா அசைவும் ஒருங்கே நின்றிருந்தால் உருகியையோ, ஆசனத்துக்கான பொது உடலிணைப்பையோ ஐயுறலாம். ஒன்றுமட்டும் நின்றதனால் அவை நலமென்று கொண்டார்.

“பிள்ளை, பின்னுக்கு அழுத்திப் பாரும்.”

“ஐயா, அது ஏற்கெனவே பின்னுக்குத்தானே நிற்கிறது?”

“பாதகமில்லை, அழுத்தும்.”

ஆசனம் முணுமுணுத்தபடி இன்னும் ஓர் அங்குலம் பின்னே சென்றது! ஆசிரியையின் முகம் வாடிற்று. கிழவர் முகமோ மலர்ந்தது. முன்னே செல்லவேண்டிய ஆசனத்தைப் பின்னே அழுத்திப் பார்க்க அதுவரை எவருக்கும் தோன்றவில்லை. முன்னும் பின்னும் செலுத்துவது ஒரே மோட்டர். செல்லும் கம்பிகளும் அதே இரண்டு. மின்னோட்டத்தின் திசையை ஆளி மாற்றுவதே வேறுபாடு. ஒரு திசையில் ஓடும் மோட்டர் பழுதானதன்று.

ஆயின் இளைஞர் கண்ட 12 வோல்ற் பொய்யா? பொய்யன்று, அவர் அளந்த இடந்தான் போதாது. இத்தகைய ஆளி சும்மா இருக்கும்போது, இரு கம்பிகளும் அதனூடாகக் காரின் உடலோடு தொடுத்திருக்கும். முன்பக்கம் அழுத்தும்போது ஒரு கம்பி மட்டும் பற்றறியின் நேர்முனைக்கு மாறும். மற்றையது உடலோடு தொடர்ந்து நின்று மின்னோட்டத்துக்குத் திரும்பும் வழியாகும். கிழவர் இரண்டாவது கம்பியையும் உடலுக்கு எதிராக அளந்தார். பூச்சியத்தைக் காட்டவேண்டிய மானி அங்கும் 12 காட்டியது. இரு கம்பிகளுக்கும் இடையே அளந்தபோது ஒன்றுமில்லை. திரும்பும் வழி அடைபட்டால் நீர் நிறைந்த குழாய்போல் அழுத்தம் எங்கும் நிற்கும், ஓட்டம் இராது. ஆகவே குற்றம் ஆளியின் உள்ளே, அந்த இரண்டாவது கம்பியின் ஓய்வுநிலைத் தொடுகையில் இருந்தது.

ஆளியைக் கழற்றுமுன் அவர் பற்றறியின் மறைமுனையை நீக்கிச் சில நிமிடம் காத்திருந்தார். ஆசனத்தின் கீழுள்ள மஞ்சள் நிற இணைப்பை எவரும் தொடலாகாதென்றும் எச்சரித்தார். அது காற்றுப்பைக்குரியது, அதிலே சோதனை விளக்கை வைப்பது பேராபத்து.

ஆளியைத் திறந்தபோது தேநீரின் பிசின் படிந்து, ஒரு செப்புத் தொடுகை கறுத்திருந்தது. யார் சிந்திய தேநீர் என்பது அவ்வீட்டில் தீராத வழக்கு. சுத்திகரிக்கும் திரவத்தால் பிசினைக் கழுவி, மிக மெல்லிய உப்புத்தாளால் கறையை மட்டும் நீக்கி, உலரவைத்து மீளப் பூட்டினார். முன்பக்கம் அழுத்தி ஆசனம் நகரும்போதே இரண்டாவது கம்பியை மறுபடி அளந்தார். அரை வோல்ற்றுக்கும் குறைவு. தொடுகை நன்றாயிற்று.

ஆசிரியை மகிழ்ச்சி மிகுதியால் சுக்கானை ஒட்டியே அமர்ந்துவிட்டார். கிழவர் அடிமட்டம் ஒன்றைக் கேட்டு வாங்கி, நெஞ்செலும்புக்கும் சுக்கானின் நடுவுக்கும் இடையே பத்து அங்குலம் இருக்குமாறு ஆசனத்தைப் பின்னே நகர்த்தச் செய்தார். காற்றுப்பை விரிவதற்கு அவ்வளவு இடம் வேண்டும். மிதியை முழுவதும் அழுத்திப் பார்க்கும்படி மும்முறை சொன்னார்.

மறுநாள் விடியற்காலையில் தாயாரோடு கார் புறப்பட்டது. தேநீர்க் குவளை வீட்டிலேயே விடப்பட்டது.