போலீஸ் கிளியரன்ஸ்: நாட்கள் எங்கே போகின்றன?

வெளிநாட்டுப் பள்ளியில் வேலை கிடைத்த ஆசிரியரிடம் "எப்போது கிளம்புகிறீர்கள்?" என்று கேட்டுப்பாருங்கள். விசா, டிக்கெட் என்ற பேச்சுக்கு முன்னால் "பி.சி.சி. வரணும்" என்பார். போலீஸ் கிளியரன்ஸ் சர்ட்டிபிகேட். இவர்மீது குற்ற வழக்கு ஏதும் இல்லை என்று அரசு தரும் ஒரு தாள். வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் பி.எட். முடித்துவிட்டு மாலத்தீவு, ஓமன், துபாய் என்று வேலை தேடுகிறவர்களுக்குப் பழகிப்போன சொல் இது.

ஆசிரியர் தொழில் இந்த மண்ணுக்குப் புதிதல்ல. பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்தில், 9ஆம் நூற்றாண்டில், பாகூரில் இருந்த வித்யாஸ்தானம் என்ற கல்விச்சாலைக்கு மூன்று ஊர்களைத் தானமாகக் கொடுத்த செய்தி பாகூர்ச் செப்பேடுகளில் இருக்கிறது. அந்த ஊரின் ஆசிரியர்கள் இன்று கடல் கடந்து போகிறார்கள். போவதற்கு முன் காத்திருக்கிறார்கள். அந்தக் காத்திருப்பைப் பற்றித்தான் இன்றைய பேச்சு.

சான்று தாமதமானால் வீட்டில் பயம் வந்துவிடுகிறது. "நம்மைப் பற்றி ஸ்டேஷனில் யாராவது எதையாவது சொல்லிவிட்டார்களோ?" என்று கேட்கிறார்கள். அப்படி இருப்பது அபூர்வம். நாட்கள் வீணாவது பெரும்பாலும் முகவரியில்தான்.

எப்படி என்று பார்ப்போம். வெளிநாட்டு வேலைக்கான இந்தச் சான்றைத் தருவது காவல் நிலையம் இல்லை, பாஸ்போர்ட் அலுவலகம். உள்ளூர் வேலைக்காகக் காவல்துறை தரும் நன்னடத்தைச் சான்று வேறு. அதைக் கையில் வைத்துக்கொண்டு விசாவுக்கு விண்ணப்பித்துத் திரும்பி வருபவர்கள் உண்டு. புதுச்சேரிக்காரர்களின் விண்ணப்பம் சென்னை மண்டல பாஸ்போர்ட் அலுவலகத்தின் கீழ் வருகிறது. பாஸ்போர்ட் சேவா இணையதளத்தில் விண்ணப்பித்து, 500 ரூபாய் கட்டி, அப்பாயின்ட்மென்ட் வாங்கிக்கொண்டு, அசல் ஆவணங்களோடு நேரில் போக வேண்டும். 2022 செப்டம்பர் 28 முதல் அஞ்சலகப் பாஸ்போர்ட் சேவை மையங்களிலும் இதற்கு விண்ணப்பிக்கலாம். எந்த நாட்டுக்குப் போகிறீர்களோ அந்த நாட்டின் பெயரைச் சொல்லித்தான் சான்று கேட்க வேண்டும். ஓமனுக்கு வாங்கியதை மாலத்தீவுக்குக் காட்ட முடியாது.

பாஸ்போர்ட் எடுத்தபோது நடந்த போலீஸ் வெரிஃபிகேஷன் அறிக்கை சரியாக இருந்து, முகவரியும் மாறாமல் இருந்தால், சான்று சில நாட்களில் கிடைத்துவிடும். அன்றைக்கே வாங்கி வந்தவர்களும் உண்டு. முகவரி மாறியிருந்தால் கதை வேறு. கோப்பு புதுச்சேரிக் காவல்துறைக்குப் போகும். அங்கிருந்து வில்லியனூர், மங்கலம், பாகூர், கிருமாம்பாக்கம் என்று உங்கள் வீடு எந்த எல்லையில் இருக்கிறதோ அந்த ஸ்டேஷனுக்கு வரும். ஒருவர் வந்து விசாரிப்பார். அறிக்கை அதே வழியில் திரும்ப மேலே போகும். இந்த விசாரணைக்கு வெளியுறவு அமைச்சகம் வைத்திருக்கும் கெடு 21 நாள். கெடுவுக்குள் முடித்தால் காவல்துறைக்கு ஒரு விண்ணப்பத்துக்கு 150 ரூபாய் தருகிறது. தாண்டினால் 50 ரூபாய்தான். சீக்கிரம் முடிக்கத் துறைக்கும் ஒரு காரணம் இருக்கட்டும் என்ற ஏற்பாடு அது.

இதில் நம் ஊருக்கே உரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. புதுச்சேரி வட்டாரம் ஒரே துண்டாக இல்லை. பழைய கம்பளத்தில் ஒட்டுப்போட்டது போலத் தமிழ்நாட்டுக்கு நடுவே சிதறிக் கிடக்கிறது. பாகூரிலிருந்து பேருந்து ஏறினால் கொஞ்ச நேரத்தில் கடலூர் மாவட்டம். வில்லியனூரிலிருந்து மேற்கே போனால் விழுப்புரம் மாவட்டம். பெண் கொடுப்பதும் எடுப்பதும் இந்த எல்லையைப் பார்த்து நடப்பதில்லை. கடலூர்ப் பக்கம் பிறந்து, அப்பா வீட்டு முகவரியில் பாஸ்போர்ட் எடுத்த ஒரு ஆசிரியை, பாகூருக்கு மருமகளாக வந்து, பாகூர் முகவரியில் சான்று கேட்கிறார் என்று வையுங்கள். இரண்டு வீட்டுக்கும் நடுவே சில கிலோமீட்டர்தான். ஆனால் ஒன்று தமிழ்நாட்டுக் காவல்துறையின் கையில், இன்னொன்று புதுச்சேரிக் காவல்துறையின் கையில். பழைய அறிக்கை புது வீட்டுக்குச் செல்லாது. விசாரிக்க ஆள் வருகிற நாளில் அவர் பள்ளியில் இருந்து, வீடும் பூட்டிக் கிடந்தால் இன்னும் சில நாள் போய்விடும்.

ஆகவே, வெளிநாட்டு வேலை தேடும் எண்ணம் வந்த உடனே செய்ய வேண்டியது, பாஸ்போர்ட்டில் இருக்கும் முகவரியைப் பார்ப்பது. நிரந்தரமாக வீடு மாறியிருந்தால் அப்போதே புது முகவரியோடு பாஸ்போர்ட்டை மாற்றிக்கொள்ளுங்கள். ஆதாரிலும் அதே முகவரி இருக்கட்டும். பெயரையும் பாருங்கள். பள்ளிச் சான்றிதழில் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பாவின் முழுப்பெயர், ஆதாரில் வேறொரு எழுத்துக்கூட்டு என்று இருந்தால், மேசைக்கு மேசை கேள்வி வரும்.

அதற்காகச் சான்றையும் முன்கூட்டியே வாங்கி வைக்கலாமா என்றால், வேண்டாம். சான்று கொடுத்து ஆறு மாதத்துக்குள் இருக்க வேண்டும் என்று சில நாடுகளும் பள்ளிகளும் கேட்கும். மூன்று மாதம் என்று சொல்பவர்களும் உண்டு. முகவரி, பெயர் வேலைகளை முன்னால் முடித்துவிடுங்கள். சான்றுக்கு விண்ணப்பிப்பது வேலை உத்தரவு வந்த பிறகு.

சான்று வந்தாலும் சில நாடுகளுக்கு இன்னொரு படி இருக்கிறது. அப்போஸ்டில் என்ற முத்திரையை வெளியுறவு அமைச்சகம் தருகிறது. அதற்கான சர்வதேச உடன்படிக்கை இந்தியாவில் 2005 ஜூலை 14 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஓமன், பஹ்ரைன் நாடுகள் அதில் இருக்கின்றன. சவூதி அரேபியா 2022 டிசம்பரில் வந்து சேர்ந்தது. உடன்படிக்கையில் இல்லாத ஐக்கிய அரபு அமீரகம் போன்ற நாடுகளுக்கு, அமைச்சகத்தின் முத்திரைக்குப் பிறகு அந்த நாட்டுத் தூதரகத்தின் அட்டெஸ்டேஷனும் வேண்டும். இதற்கு ஆகும் நாட்களையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நம் பகுதியில் பிரெஞ்சு பாஸ்போர்ட் வைத்திருக்கும் குடும்பங்களும் இருக்கின்றன. வில்லியனூரை அடுத்த கீழூரில் 1954 அக்டோபர் 18ஆம் தேதி 178 பிரதிநிதிகள் கூடி, 170 பேர் இந்தியாவோடு இணைய வாக்களித்தார்கள். இந்தியாவும் பிரான்சும் செய்துகொண்ட இணைப்பு ஒப்பந்தம் 1962 ஆகஸ்ட் 16ஆம் தேதி நடைமுறைக்கு வந்தபோது, விரும்பியவர்கள் ஆறு மாதத்துக்குள் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுத்துக்கொள்ள வழி இருந்தது. அவர்களுடைய பேரப்பிள்ளைகள் ஆசிரியராகப் போனால் வழி மாறும். பிரான்சின் குற்றப் பதிவுகள் நான்த் நகரில் இருக்கின்றன. அந்தப் பதிவின் 'மூன்றாம் எண் பிரதி' என்ற சான்றை இணையத்தில் கட்டணமில்லாமல் கேட்டுப் பெறலாம். அவர்களிடம் இந்தியச் சான்றும் கேட்டால், பாஸ்போர்ட் அலுவலகத்துக்குப் போய்ப் பயனில்லை. வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தை அணுக வேண்டும்.

இவ்வளவு கெடுபிடி எதற்கு? பிள்ளைகளை நம்பி ஒப்படைக்கும் இடம் பள்ளிக்கூடம். இங்கிலாந்தில் சோஹம் என்ற ஊரில் 2002இல் இரண்டு சிறுமிகளைக் கொன்றவர் ஒரு பள்ளியின் கட்டடப் பராமரிப்பாளர். அவரைப் பற்றி முன்பே வந்திருந்த புகார்கள் பள்ளிக்குத் தெரியவில்லை. அதே ஆண்டு செப்டம்பரில் அங்கே இன்னொன்றும் நடந்தது. புதிதாகத் தொடங்கிய குற்றப் பதிவு அலுவலகத்தில் விண்ணப்பங்கள் தேங்கி, ஆசிரியர்களுக்குச் சான்று வராமல், சில பள்ளிகளைக் குறித்த நாளில் திறக்க முடியவில்லை. கடைசியில் அரசு விதியைத் தளர்த்தியது. காத்திருப்பு நம் ஊருக்கு மட்டும் வந்த வியாதி இல்லை.

இங்கிலாந்துக்கு ஆசிரியர் வேலைக்குப் போகிறவர்களிடம் 2017 ஏப்ரல் முதல் விசாவுக்கே சான்று கேட்கிறார்கள். கடந்த பத்தாண்டில் பன்னிரண்டு மாதமோ அதற்கு மேலோ எந்தெந்த நாட்டில் இருந்தீர்களோ அந்தந்த நாட்டுச் சான்று வேண்டும். எனவே இப்போது ஓமனிலோ மாலத்தீவிலோ வேலை செய்துகொண்டிருப்பவர்கள் ஊர் திரும்புவதற்கு முன்பே அங்கத்திய காவல்துறைச் சான்றை வாங்கிக்கொள்ளுங்கள். பாகூரில் உட்கார்ந்துகொண்டு மஸ்கட்டிலிருந்து அதை வரவழைப்பது பெரும்பாடு.

வழக்கு ஏதாவது நிலுவையில் இருந்தால் விண்ணப்பத்தில் மறைக்காதீர்கள். வாய்க்கால் தகராறில் பதிவான வழக்காக இருந்தாலும் சொல்லிவிடுங்கள், ஒரு வழக்கறிஞரையும் பாருங்கள். மறைத்தது தெரிந்தால் வழக்கைவிட அது பெரிய குற்றமாகிவிடும். "ரெண்டு நாளில் முடித்துத் தருகிறேன்" என்று ஆயிரக்கணக்கில் கேட்கும் ஏஜென்டிடம் பாஸ்போர்ட்டைக் கொடுக்காதீர்கள். விசாரிக்கிற ஸ்டேஷனில் அவரால் ஒரு நாளைக்கூடக் குறைக்க முடியாது.

கடைசியாக ஒன்று. சான்று கைக்கு வரும்வரை இங்கே பார்க்கும் வேலையை ராஜினாமா செய்யாதீர்கள். வளைகுடாவில் உள்ள இந்தியப் பள்ளிகள் ஏப்ரலில் திறக்கின்றன. அதற்குள் வராது என்று தெரிந்தால் சும்மா இருக்காமல், விண்ணப்பக் கோப்பு எண்ணையும் ரசீதையும் இணைத்து, கூடுதல் அவகாசம் கேட்டு அந்தப் பள்ளிக்கு எழுதுங்கள். விண்ணப்பம் எந்த நிலையில் இருக்கிறது என்பதை அந்தக் கோப்பு எண்ணை வைத்து இணையதளத்திலேயே பார்க்கலாம். வெளிநாட்டு ஆசிரியர்களை எடுத்துப் பழகிய பள்ளிக்கு இந்தத் தாமதம் புதிதல்ல. பதிலே சொல்லாமல் இருக்கும் ஆசிரியரைத்தான் அவர்கள் விட்டுவிட்டு அடுத்தவரைப் பார்ப்பார்கள்.