லைனும் லயமும்

(ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஆங்கில பாஷையில் 'லைன்' என்றொரு சிறு சொல் உண்டு. அதன் பொருளைப் பற்றிச் சில வார்த்தைகள் கூற விரும்புகிறேன். "பஸ்ஸுக்கு லைனில் நிற்கிறோம், டெலிபோன் லைன் கிடைக்கவில்லை என்கிறோம், இது யாருக்குத் தெரியாது?" என்று நீங்கள் நகைக்கலாம். ஆனால், அந்தச் சொல்லுக்குள்தான் நம்மில் பலர் பிறந்து வளர்ந்தோம் என்பதை எண்ணிப் பார்த்ததுண்டா?

ஆளிச் செடியின் நாரில் திரித்த நூலைக் குறித்த லத்தீன் சொல்லே இதற்கு மூலம். நூல் பிடித்தால் நேர்கோடு விழும். ஆகவே கோடு என்று பொருளாயிற்று. பின்னர் வரிசையையும் குறித்தது. பட்டாளத்தாரின் வரிசைக் குடியிருப்புகளுக்கும் அதுவே பெயர். கோப்பி, தேயிலைத் தோட்டங்களில் ஒரே கூரையின் கீழ் தொழிலாளருக்குக் காம்பராக்களை அடுக்கிக் கட்டிய துரைமார், அவற்றையும் 'லைன்' என்றே அழைத்தனர்.

நம் முன்னோர் அதை 'லயம்' என்றாக்கினர். லயம் என்பது நாம் முன்பே அறிந்த வடசொல். ஒன்றுதல் என்பது அதன் பொருள். ஆன்மா லயிக்குமிடம் ஆலயம் என்று பெரியோர் விளக்குவர். இவ்விரு சொற்களுக்கும் ஒலியில் மட்டுமே உறவு. ஆயினும், 10 அடிக்கு 12 அடிக் காம்பராவில் ஒரு குடும்பம் வாழ்ந்தது. ஒரு காம்பராவில் சாவு விழுந்தால் அடுத்த காம்பராக்காரர் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தனர். வரிசையை லயமாக்கியவர்கள் அவர்களே.

இப்பெருமையோடு நின்றுவிடலாகாது. வரிசைக்குத் தனி விலாசம் கிடையாது. எனக்கு வந்த நேர்முகப் பரீட்சைக் கடிதம், தோட்டத்து விலாசத்துக்கு வந்து, கைமாறிக் கைமாறி, குறித்த நாள் கழிந்த பிறகே என்னை அடைந்தது. கதவுக்கு ஓர் இலக்கம் இல்லாமற் போனதால் இழந்த வேலை அது!

2017 மே மாதம் நோர்வூட்டில் பேசிய பாரதப் பிரதமர் நரேந்திர மோடி, மேலும் 10,000 வீடுகள் கட்ட உதவுவதாக அறிவித்தார். 7 பேர்ச் காணியில் தனி வீடு பெற்றோர் உண்டு, காத்திருப்போரும் பலர்.

வாலிப நண்பர்களே! 'லயத்தில் பிறந்தேன்' என்று சொல்லக் குரலைத் தாழ்த்த வேண்டாம். எழுதத் தெரிந்தவர்கள், நம் முதியோருக்காக வீட்டிலக்கமும் காணி உறுதியும் கேட்டு மனு எழுதிக் கொடுங்கள். தனி வீட்டுக்குக் குடிபோனாலும் அயலார் துக்கத்தில் கஞ்சி காய்ச்ச மறவாதீர்கள்.

லைன் மறையட்டும், லயம் நிலைக்கட்டும்.