கடல்நீரை அடக்கும் கலங்கள்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆறு இல்லை. வழுக்கையாறு என்றும் தொண்டமானாறு என்றும் பெயர்கள் வழங்குகின்றன. ஆயினும் முன்னையது மாரி காலத்து வெள்ளம் ஓடும் வாய்க்கால், பின்னையது கடலேரியின் ஒரு கிளை. குடிப்பதற்கும் தோட்டத்துக்கும் இந்நிலத்துக்குக் கிடைப்பது வானத்து நீர் ஒன்றே. ஐப்பசி தொடங்கி மார்கழி வரை பெய்யும் மழை, சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளூடாக இறங்கி, ஆழத்தில் ஏற்கெனவே புகுந்திருக்கும் கடல்நீரின்மேல் மிதக்கின்றது. நன்னீர் இலேசானது, உவர்நீர் பாரமானது. ஆதலால் இரண்டும் எளிதிற் கலப்பதில்லை. புத்தூரை அடுத்த நிலாவரைக் கிணற்றில் மேல்நீர் நன்னீராகவும் ஆழத்து நீர் உவராகவும் இருப்பதன் காரணம் இதுவே. இராமபாணத்தின் கதை அதன்பின் வந்ததாயினும் கேட்க இனிமையானது.

இந்த நன்னீர்ப் படைக்கு ஒரு கணக்கு உண்டு. கடல் மட்டத்துக்கு மேலே 1 அடி நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடி நன்னீர் இருக்கும். எனவே இறைப்பினால் மேல்மட்டம் 1 அடி தாழுமாயின், கீழிருந்து உவர்நீர் 40 அடி மேலேற முற்படும். துலா மிதித்து, பட்டையால் இறைத்த காலத்தில் மனிதனுடைய களைப்பே கிணற்றுக்குக் காவலாயிருந்தது. நீரிறைக்கும் இயந்திரம் களைப்பதில்லை. அதனோடு, தோட்டங்களுக்கு இட்ட உரமும் நெருங்கிய குடிமனைகளின் மலக்குழிகளும் சேர்ந்து, வலிகாமத்துக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்றின் அளவை லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்னும் எல்லைக்கு அப்பால் உயர்த்திவிட்டன. பச்சிளங் குழந்தைகளின் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றலைக் குறைக்கவல்லது இவ்வுப்பு. காய்ச்சினாலும் அது நீங்காது. நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடுமேயன்றிக் குறையாது.

ஆகவே குடாநாட்டுக்கு வேறு நீர் தேட வேண்டும் என்ற எண்ணம் பழையது. நீர்ப்பாசனப் பொறியியலாளர் எஸ். ஆறுமுகம் அவர்கள் ஆனையிறவுக் கடலேரியை அடைத்து, மழைநீரால் அதனை நன்னீர் ஏரியாக்கி, முள்ளியான் வழியாக வாய்க்கால் வெட்டி, வடமராட்சிக் கடலேரிக்கு அந்நீரைக் கொண்டுவரலாம் என்று திட்டமிட்டார். யாழ்ப்பாணத்துக்கோர் ஆறு என்று மக்கள் அதனை அழைத்தனர். வேலை தொடங்கியது, நிறைவேறவில்லை. பின்னர், ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனுதவியோடு 2010இல் உருவான யாழ்ப்பாணம் - கிளிநொச்சி நீர்வழங்கல் திட்டம் இரணைமடுக் குளத்தை நாடியது. அங்கே கமக்காரர் குறுக்கே நின்றனர். தமது வயலுக்கே போதாத நீரைக் குடாநாட்டுக்கு எவ்வாறு கொடுப்பது என்று அவர்கள் கேட்டதை அநியாயமென்று சொல்லிவிட முடியாது. குளம் கைவிட்டபின் எஞ்சியது கடல். வடமராட்சி கிழக்கில் தாளையடிக் கரையிலே கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் எழுந்தது. 2024ஆம் ஆண்டு ஓகஸ்ட் 2ஆம் நாள் அப்போதைய சனாதிபதி ரணில் விக்கிரமசிங்க அதனைத் திறந்துவைத்தார். நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர், அதாவது 2 கோடியே 40 இலட்சம் லீற்றர் நன்னீர் தரக்கூடியதாக அது அமைக்கப்பட்டது.

கடலிலிருந்து உப்பைப் பிரிப்பது எவ்வாறு? நீரைக் காய்ச்சி ஆவியாக்குவது ஒரு வழி. அதற்கு எரிபொருட் செலவு மிகுதி. மற்றையது மென்சவ்வின் வழி. உலர்ந்த முந்திரிகையை நீரிலிட்டால் அது ஊதிப் பருக்கின்றது. நீர் அதன் தோலைக் கடந்து இனிப்பு மிகுந்த உட்புறத்தை நாடிச் செல்கின்றது. இதனை இலங்கைப் பாடநூல்கள் பிரசாரணம் என்பன. தமிழகத்தார் சவ்வூடு பரவல் என்பர். உப்பு மிகுந்த பக்கத்தில் வேண்டிய அளவு அமுக்கத்தைச் செலுத்தினால் நீர் எதிர்த்திசையிற் செல்லும், உப்பு பின்தங்கும். இத்தத்துவம் முன்பே அறியப்பட்டதாயினும், பயன்படத்தக்க சவ்வு கிடைக்கவில்லை. உப்பைத் தடுத்த சவ்வுகள் நீரையும் ஏறக்குறையத் தடுத்தன. அமெரிக்காவில், லொஸ் ஏஞ்சலிஸ் நகரத்துக் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்திலே சிட்னி லோப் என்பவரும் சீனிவாச சௌரிராஜன் என்பவரும் 1950களின் இறுதியில் இந்த முடிச்சை அவிழ்த்தனர். மிக மெல்லிய தோலொன்று மேலும், துளைகள் நிறைந்த தடித்த படை கீழுமாக அவர்கள் ஆக்கிய செலுலோசு அசற்றேற்றுச் சவ்வு நீரை விரைந்து விட்டது. 1965இல் கலிபோர்னியாவின் கோலிங்கா என்னும் சிற்றூர் இம்முறையால் குடிநீர் பெற்றது. சௌரிராஜன் என்பது திருக்கண்ணபுரத்துப் பெருமாளின் திருநாமம். கடல்நீரைக் குடிநீராக்கிய வரலாற்றில் அப்பெயர் இருப்பதைத் தமிழர் பலர் அறியார்.

சவ்வைப் பற்றிப் பேசுவோர் பலர்; அதனை அடக்கி வைத்திருக்கும் கலத்தைப் பற்றிப் பேசுவோர் சிலரே. கடல்நீரின் ஒவ்வொரு லீற்றரிலும் ஏறத்தாழ 35 கிராம் உப்பு உண்டு. அதன் இயல்பான எதிர்ப்பை வெல்லுவதற்கே வளிமண்டல அமுக்கத்தைப்போல் 27 மடங்கு வேண்டும். பயன்படும் வேகத்தில் நீர் வரவேண்டுமாயின் 60 மடங்கு வரை செலுத்த வேண்டியிருக்கின்றது. இது கடலில் 600 மீற்றர் ஆழத்தில் உள்ள அமுக்கத்துக்கு ஒப்பாகும். தாள்போற் சுருட்டப்பட்ட சவ்வுச் சுருள் 8 அங்குல விட்டமும் 40 அங்குல நீளமும் கொண்டது. அவற்றில் ஆறு முதல் எட்டு வரை ஒன்றன்பின் ஒன்றாக ஒரு நீண்ட குழாய்க் கலத்துள் இடுவர். 8 அங்குல வாயையுடைய அக்கலத்தின் மூடியை மேற்கூறிய அமுக்கம் ஏறத்தாழ 20 தொன் விசையுடன் வெளியே தள்ளுகின்றது. பாரமேற்றிய லொறியொன்றைத் தலையிற் சுமப்பது போன்றது அது.

இத்தகைய கலத்தை உருக்கினால் செய்தால் என்ன? கடற்கரையில் வீடு கட்டியோருக்கு விடை தெரியும். ஆணி துருப்பிடித்து ஓட்டைப் பிளக்கும். கதவுப் பிணைச்சல் பொடியாகும். துருவுறா உருக்கு என்று பெயர் பெற்றதும் கடல்நீரின் குளோரைட்டினால் புள்ளி புள்ளியாகத் துளைபடும். அதனை எதிர்க்கும் உயர்ந்த உலோகக் கலவைகளின் விலையோ மிகப் பெரிது. ஆகையால் பொறியியலாளர் கண்ணாடி நாரையும் எப்பொட்சிப் பிசினையும் நாடினர். கண்ணாடி உடையக்கூடியது என்பது எல்லோரும் அறிந்ததே. ஆயின் அதனை மயிரிழையினும் மெல்லியதாக இழுத்தால் அதன் வலிமை வியக்கத்தக்கது. பல்லாயிரம் இழைகளைப் பிசின் ஒன்றாகப் பிணைத்து, விசையை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் கடத்துகின்றது. தனித்தனியே நோக்கினால் நொய்ந்தவையான இரண்டு பொருள்கள் சேர்ந்து உருக்கின் வேலையைச் செய்கின்றன.

செய்யும் முறை பம்பரத்துக்குக் கயிறு சுற்றும் சிறுவனை நினைவூட்டும். மெருகேற்றிய உருக்கு உருளையொன்று மெல்லச் சுழல்கின்றது. பிசின் தொட்டியூடாக நனைந்துவரும் கண்ணாடி இழைக்கற்றை, முன்னும் பின்னும் ஓடும் வண்டியிலிருந்து அவ்வுருளைமீது சுற்றப்படுகின்றது. எந்தக் கோணத்திற் சுற்றுவது என்பதே வடிவமைப்பின் உயிர்நிலை. இரு முனையும் மூடிய உருளைக் கலத்தில் அமுக்கம் சுற்றுவாட்டில் ஏற்படுத்தும் இழுவை, நீளவாட்டில் ஏற்படுத்தும் இழுவையின் இரு மடங்கு. நீளவாட்டிலேயே இழைகளை வைத்தால் கலம் வெடித்து அகலும். சுற்றுவாட்டில் மட்டும் வைத்தால் குறுக்கே அறும். ஒரே கோணத்திற் சுற்றுவதாயின் இரண்டையும் அளவாகத் தாங்குவது ஏறத்தாழ 55 பாகைக் கோணம் என்று கணிதம் காட்டுகின்றது. சுற்றி முடித்தபின் கலத்தைச் சூளையிற் சுட்டுப் பிசினை இறுகச் செய்து, உள்ளிருக்கும் உருளையை இழுத்தெடுப்பர். நீர் புகவும் வெளிப்படவும் பக்கத்தில் வாய்கள் வெட்ட வேண்டும். வெட்டும் இடத்தில் தொடர்ந்தோடிய இழைகள் அறுபடுகின்றன. அங்கே மேலதிகச் சுற்றுகள் இட்டுத் தடிப்பாக்குவர். நல்ல கலத்துக்கும் கெட்ட கலத்துக்கும் உள்ள வேறுபாடு பெரும்பாலும் இவ்விடத்திலேயே வெளிப்படும்.

அமெரிக்க இயந்திரப் பொறியியலாளர் சங்கத்தின் விதிக்கோவை இவ்வகைக் கலங்களுக்குக் கடுமையான பரீட்சை வைத்துள்ளது. மாதிரிக் கலம் ஒன்றை 1,00,000 தடவை அமுக்கி விடுவித்து, அதன்பின் வடிவமைப்பு அமுக்கத்தின் ஆறு மடங்கு வரை ஏற்றிப் பார்க்க வேண்டும். ஆறு மடங்கு என்பது வீண் பயமன்று. உருக்கு வீங்கி நெளிந்து முன்னெச்சரிக்கை தரும்; நார்க்கலம் அவ்வாறு நெளிவதில்லை. பிசினிலே கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகள் விழுந்து, சுவரெங்கும் வியர்த்தாற்போல் நீர் கசிவதே அது தரும் எச்சரிக்கை. அதனைத் துடைத்துவிட்டுப் போகிறவன் பெருந்தவறு செய்கின்றான்.

கையாளுவோர் அறிய வேண்டியவை இன்னும் சில. அமுக்கம் ஏறும்போது கலம் சில மில்லிமீற்றர் நீண்டு, சற்றே பருக்கின்றது. அதனை இறுகக் கட்டி, அசையாத குழாயோடு பொருத்தினால், வாய்கள் வெடிக்கும். ஆதலால் றப்பர் இட்ட தாங்கியில் அசைய இடம்விட்டே வைப்பர். தொடக்கத்தில் நீரை மெதுவாக நிரப்பி, உள்ளே உள்ள காற்றை முற்றாக வெளியேற்ற வேண்டும். நீர் சுருங்காதது, காற்றோ வில்லைப்போல் வலுவைச் சேர்த்துவைக்கும். மூடி பிடிவிட்டால், நீர் நிறைந்த கலம் சிந்தி ஓயும். காற்றுள்ள கலம் மூடியைப் பீரங்கிக் குண்டாக எறியும். அமுக்கம் முற்றாக இறங்கியதை மானியிற் கண்டபின்னரே மூடியிற் கைவைக்கலாம் என்ற விதி எல்லா நிலையங்களுக்கும் உண்டு. விபத்துகள் அவ்விதியை மறந்த நாட்களில் நேர்கின்றன.

பெரிய நிலையத்தில் மட்டுமன்றி, ஊர்களில் நீர் விற்கும் சிறு நிலையங்களிலும் இவ்வகைக் கலங்கள் உண்டு. மணலும் கரியும் நிரப்பி நிற்கும் தாங்கிகள் அவை. பொலித்தீன் உறையொன்றின்மேல் கண்ணாடி இழை சுற்றிச் செய்யப்பட்ட அவை, வளிமண்டலத்தின் 10 மடங்கு அமுக்கத்தையும் 49 பாகை செல்சியசு வெப்பத்தையுமே எல்லையாகக் கொண்டவை. இவற்றுக்கு உள்ளமுக்கத்தினும் பெரிய பகை வெற்றிடம். மேல்தாங்கியிலிருந்து நீர் பின்னிழுக்கப்படும்போது உள்ளே வெற்றிடம் உண்டாகி, உறை நாரிலிருந்து கழன்று உட்சுருங்கிவிடும். வெளித்தோற்றத்தில் ஒரு குறையும் தெரியாது. காற்றை உள்ளே விடும் சிறு வால்வொன்று இதனைத் தடுக்கும். அதன் விலை தாங்கியின் விலையோடு ஒப்பிடத்தக்கதன்று. குடாநாட்டுச் சுண்ணநீருக்கு மற்றுமொரு கவனம் தேவை. கேத்தலின் அடியிற் படியும் அதே வெள்ளைப் படை சவ்வின்மீதும் படியும். படிந்தால் அமுக்கத்தை மேலும் மேலும் கூட்டத் தோன்றும். கூட்டுவதன் முன் கழுவுவதே முறை.

கண்ணாடி நார் வேலை இம்மண்ணுக்குப் புதியதன்று. 1960களின் பிற்பகுதியில் நோர்வே மக்களின் உதவியோடு காரைநகரிலே தொடங்கிய சீநோர் நிறுவனம் கண்ணாடி நார்ப் படகுகளைக் கட்டியது. இன்று வடமராட்சிக் கரையிற் காணப்படும் படகுகளிற் பெரும்பாலானவை அதே பொருளால் ஆனவை. வெடித்த படகைத் தட்டிப் பார்த்து, பிசினும் நாரும் வைத்து ஒட்டும் கைகள் ஒவ்வொரு கரையூரிலும் உண்டு. ஆயினும் படகு ஒட்டும் முறையால் அமுக்கக் கலத்தை ஒட்டிவிடலாம் என்று எண்ணுவது ஆபத்து. அறுந்த இழையின் இழுவையை மேலே ஒட்டிய துண்டு ஏற்காது. வெடித்த கலம் கழிக்கப்படவேண்டியதே.

தாளையடியில் முதலில் எழுந்த மறுப்பும் படகுக்காரர்களிடமிருந்தே வந்தது. இம்முறையில் 100 பங்கு கடல்நீரை உள்ளெடுத்தால், பொதுவாக 40 முதல் 45 பங்கு நன்னீராகும். எஞ்சியது ஏறக்குறைய இரு மடங்கு உப்போடு கடலுக்கே திரும்பும். பாரமான அவ்வுவர்நீர் கரையோரத்தில் தேங்கினால் இறாலும் மீன்குஞ்சும் என்னாகும் என்று வடமராட்சி கிழக்கு மீனவர் கேட்டனர். அதனைக் கரைக்கு அப்பால் கொண்டுசென்று, பல துவாரங்களூடாக வேகமாகப் பீச்சி, நீரோட்டத்திற் கலக்கச் செய்வதே பொறியியல் தரும் விடை. விடை சரிவரச் செயற்படுகின்றதா என்பதைக் கடலடியில் உப்பின் அளவை மாதந்தோறும் அளந்து, அந்த எண்களை மீனவர் சங்கங்களின் முன் வைப்பதால் மட்டுமே காட்டமுடியும். வலைக்கு வரும் மீனை அவர்கள் தாமே எண்ணிக் கொள்வார்கள்.