டயாலிசிஸ் செய்பவரின் தோலையும் பாருங்கள்

 

டயாலிசிஸ் செலவுக்கு உதவி கேட்டு வரும் குடும்பங்களிடம் உடல்நிலையை விசாரித்தால் மூச்சுத்திணறல், கால் வீக்கம் என்று சொல்வார்கள். அரிப்பைத் தாமாக யாரும் சொல்வதில்லை. நாங்கள் கேட்ட பிறகுதான், "ராத்திரியெல்லாம் சீப்பை வைத்து முதுகைச் சொறிகிறார், தூக்கமே இல்லை" என்கிறார்கள்.

வாரம் 3 நாள், 4 மணி நேரம் மெஷினில் இருந்தாலும் சாப்பாட்டில் சேரும் பாஸ்பரஸ் முழுவதும் வெளியேறாது. அது கூடக்கூட, கழுத்திலுள்ள பாராதைராய்டு சுரப்பி அளவுமீறி வேலை செய்து எலும்பிலிருந்து கால்சியத்தை உருவும். நாளடைவில் இரண்டும் ரத்தக்குழாய்ச் சுவரில் சுண்ணாம்பு போலப் படியும். அரிப்புக்கு வேறு காரணங்களும் உண்டு, இதுவும் ஒன்று.

அரிப்பைவிட அஞ்ச வேண்டியது கால்சிபைலாக்சிஸ். அரிதாகத்தான் வரும். தோலுக்கு ரத்தம் போகும் நுண்குழாய்கள் அடைபட்டு அந்த இடம் செத்துப்போகும். தொடை, அடிவயிறு, மார்பு போன்ற இடங்களில் ஊதா நிறத் திட்டு, அடியில் கல் போன்ற கட்டி, துணி பட்டாலே தாங்காத வலி. பிறகு கறுத்துப் புண்ணாகும். புண்ணிலிருந்து கிருமி ரத்தத்தில் கலந்தால் உயிருக்கே ஆபத்து. பெண்களுக்கும், சர்க்கரை நோய், உடல் பருமன் உள்ளவர்களுக்கும், வார்ஃபரின் மாத்திரை எடுப்பவர்களுக்கும் வாய்ப்பு அதிகம். அதற்காக வார்ஃபரினை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், டாக்டரிடம் கேளுங்கள்.

நாங்கள் அறிந்த ஒரு தாய், தொடையில் வந்த திட்டை 3 வாரம் மறைத்துவிட்டார். ஆண் டாக்டரிடம் எப்படிக் காட்டுவது என்ற கூச்சம். மருமகளிடம்கூடச் சொல்லாமல் மஞ்சள் பூசியிருந்தார். காட்டியபோது புண் உள்ளங்கை அகலம். பெண் டாக்டரோ நர்ஸோ வேண்டும் என்று தாராளமாகக் கேளுங்கள். துணைக்கு ஆள் வேண்டுமென்றால் நம் சகோதரி ஒருவரை அனுப்புகிறோம். பெண் டாக்டர் கிடைக்காவிட்டால் அதற்காகக் காத்திருக்கவும் வேண்டாம். சிகிச்சைக்குக் காட்டுவதை மார்க்கம் தடுக்கவில்லை.

பாஸ்பரஸைக் கட்டுப்படுத்தும் மாத்திரையைச் சாப்பாட்டோடு சேர்த்துத்தான் எடுக்க வேண்டும். இரண்டு மணி நேரம் கழித்துப் போட்டால் பெரிய பலன் இல்லை. வலீமா விருந்துக்குப் போனாலும் சட்டைப்பையில் இருக்கட்டும். ஈரல், கோலா பானம், பாக்கெட் தின்பண்டம் இவற்றைக் குறையுங்கள். ஆனால் கறி, முட்டையை அடியோடு நிறுத்திப் பட்டினி போடாதீர்கள்; டயாலிசிஸ் உடம்புக்குப் புரதம் தேவை. எலும்பு வலிக்கிறதென்று கடையில் கால்சியம் மாத்திரை வாங்கிக் கொடுப்பதும் ஆபத்து.

மாத்திரைக்குப் பணமில்லாமல் பாதியில் நிறுத்தியவர்கள் இருந்தால், டயாலிசிஸ் ரசீதோடு அந்த மருந்துச் சீட்டையும் அலுவலகத்துக்குக் கொண்டு வாருங்கள்.