பல் தேய்ந்தால் வயிற்றைக் கேள்
(நிக்டி தமிழர் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



குழந்தைகள் சலங்கை கட்டிக்கொண்டு காத்திருக்கின்றனர். ஆகவே பற்களைப் பற்றி மட்டும் சிறிது பேசி அமர்வோம்.

பற்சொத்தையை யாவரும் அறிவர். வாயிலுள்ள கிருமிகள் இனிப்பை உண்டு உமிழும் அமிலம் ஓரிடத்தில் குழி பறிப்பது அது. நாம் சொல்லப் புகுவது வேறு. கிருமியின் துணையின்றியே, வெளியிலிருந்தோ வயிற்றிலிருந்தோ வரும் அமிலம் எனாமலைப் பரவலாகக் கரைத்துவிடுகிறது. இதனைப் பல் அரிப்பு என்பர். சொத்தைக்குக் கிருமிகளின் அமிலமே காரணமென 1890-இல் விளக்கிய டபிள்யூ. டி. மில்லர் என்னும் அமெரிக்க அறிஞரே, 1907-இல் இத்தேய்வையும் சோதனைகளால் ஆராய்ந்து எழுதினார்.

எனாமல் நம் உடலிலேயே மிகக் கடினமான பொருள். ஆயினும் அதனைச் சூழ்ந்த நீரின் பி.எச். அளவு ஏறத்தாழ 5.5-க்குக் கீழ் இறங்கினால் கரையத் தொடங்குகிறது. எலுமிச்சைச் சாறு 2-ஐ ஒட்டியது. இரைப்பை நீரோ 1 முதல் 2 வரை. இக்கணக்கில் ஓர் எண் இறங்கினால் அமிலம் பத்து மடங்கு வலுத்ததென்று பொருள். கரைந்துபோன எனாமல் மீண்டும் வளர்வதில்லை.

எப்பக்கம் தேய்ந்தது என்பதே இங்குத் துப்பு. மின்கலத் தொழிற்சாலைகளில் கந்தக அமில ஆவியிடையே உழைப்போருக்கு முன்பற்களின் வெளிமுகம் தேயும். போசரி, சிஞ்ச்வடு ஆலைகளை நம்பி வாழும் நம்மவர் இதனை மறத்தலாகாது. மேல்வரிசை முன்பற்களின் உட்புறம், அதாவது அண்ணத்தை நோக்கிய பக்கம், வழவழப்பாகித் தேய்ந்து மஞ்சள் தெரியுமாயின், அமிலம் பெரும்பாலும் இரைப்பையிலிருந்தே வருகின்றது.

எமக்கே நேர்ந்தது ஒன்றுண்டு. இரண்டாம் ஷிப்டு முடிந்து நள்ளிரவில் வீடு திரும்பி, புளிக்குழம்பும் சோறும் உண்டு, கை உலருமுன் படுத்துவிடுவது பல்லாண்டுப் பழக்கம். நெஞ்செரிச்சல் ஏதுமில்லை, காலையில் வாய் புளிக்கும், அவ்வளவே. குளிர்ந்த நீர் பட்டால் பல் கூசிற்று. வயதின் கோளாறென்று வாளாவிருந்தோம். பல் மருத்துவர் சிறு கண்ணாடியை வாய்க்குள் வைத்துப் பார்த்துவிட்டு, "உண்டவுடன் படுத்துக்கொள்வீர்களோ?" என்று வினவினார். பல்லைக் காட்டச் சென்ற எம்மை வயிற்று மருத்துவரிடம் அனுப்பினார்! எதுக்களிப்பு நோய் என்று தெரிந்தது. நெஞ்செரிச்சலின்றியே இது பலருக்கு உண்டு. உறக்கத்தில் உமிழ்நீர் குறைவதால் அமிலத்தைக் கழுவுவாரில்லை. கவனியாது விட்டால் உணவுக்குழாய் புண்ணாகும். சிலருக்கு நாளடைவில் அங்குப் புற்றுநோய்க்கும் வழியாகும்.

அடுத்து, தாய்மார்களிடம் சற்றுத் தயக்கத்துடன் ஒன்று. பருத்துவிடுவோமென்னும் அச்சத்தால், அளவின்றி உண்டதைத் தாமே வாந்தியெடுக்கும் நோய் ஒன்றுண்டு. 1979-இல் ஜெரால்டு ரசல் என்னும் லண்டன் மருத்துவர் இதற்குப் புலிமியா நெர்வோசா என்று பெயரிட்டார். இளம்பெண்களிடம் மிகுதி, ஆண்பிள்ளைகளும் விலக்கல்லர். உடல் மெலியாதிருப்பதால் பெற்றோர் அறியமாட்டார். உண்டவுடன் குளியலறைக் கதவு சாத்தப்படுவது, காதடியில் கன்னம் வீங்குவது, முன்பற்களின் உட்புறம் தேய்வது ஆகியவையே அடையாளங்கள். இரத்தத்தில் பொட்டாசியம் குறைந்து இதயத் துடிப்பே தடுமாறக்கூடும். அப்பிள்ளையை ஏசுதல் கூடாது. மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுதல் வேண்டும். "விடுதியில் சாப்பாடு சரியில்லை போலும்" என்று நாமே சமாதானம் சொல்லிக்கொள்வதுதான் பெருந்தவறு.

நீரிழிவாலும் சில மருந்துகளாலும் வாய் வறண்டோர்க்கும் பல் விரைந்து தேயும்.

இதற்காக ரசத்தைத் துறக்க வேண்டுவதில்லை. துறக்கச் சொன்னால் இச்சபையில் எமக்கு இடமேது? ஆயின் உடல் இளைக்கவென்று நாள்தோறும் விடியலில் எலுமிச்சை நீரை மெல்ல மெல்லச் சுவைத்துப் பருகுவதும், கோலா புட்டியும் கையுமாகப் பிள்ளைகள் திரிவதும் கேடே. புளிப்பு உண்டபின் அல்லது வாந்திக்குப்பின் வெறும் நீரால் வாய் கொப்பளியுங்கள். உடனே பல் துலக்காதீர்கள். மென்மையுற்ற எனாமலைத் தூரிகை சுரண்டிவிடும். அரைமணி நேரமேனும் பொறுத்தல் நலம்.

முன்பற்களின் உட்புறம் நம் கண்ணுக்கு எளிதில் புலப்படாது. அடுத்த முறை பல் மருத்துவரிடம் செல்கையில், அச்சிறு கண்ணாடியில் அப்பக்கத்தைக் காட்டுமாறு கேளுங்கள்.

சலங்கை ஒலி கேட்கின்றது.